ஓரங்கட்டு அண்ணாச்சியின் நாக்கு

தென்காசி சுற்றுவட்டாரத்தில் ஓரங்கட்டு அண்ணாச்சியின் நாக்கு படாத பழைய சுவர் என்று ஒன்று கிடையாது. மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கல்மண்டபமோ, இடிந்த சத்திரமோ, வெள்ளைக்காரன் காலத்து பங்களாவோ, எதைக் கண்டாலும் முதலில் தடவிப் பார்ப்பார். பிறகு விரலால் சுண்டிப் பார்ப்பார். அதற்கப்புறம், நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமெல்லாம் இல்லாமல், காரை பெயர்ந்த இடமாகப் பார்த்து நாக்கை நீட்டி ஒரு நக்கு. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். "துவர்க்கு தம்பி. கடுக்காய் இருக்கு" என்றால், கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்த அந்தக் காலத்துச் சுண்ணாம்பு, கட்டடம் பாஸ். "சப்புன்னு கெடக்கு" என்றால் சிமெண்ட், கட்டடம் ஃபெயில். அதன்பிறகு அந்தக் கட்டடத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் எடுத்துப் புழங்கியதில்லை. காரில் போய்க்கொண்டிருக்கும்போது, மாடு குறுக்கே வந்துவிட்டதைப்போல, "ஓரங்கட்டு! ஓரங்கட்டு!" என்று அலறுவார். ஓட்டுகிறவன் குலை நடுங்கி பிரேக்கை மிதித்துவிட்டுப் பார்த்தால், வேலிமுள்ளுக்குள் நாலு கல்தூண்கள் நின்றுகொண்டிருக்கும். டிரைவர்கள் வைத்த பெயர்தான் ஓரங்கட்டு அண்ணாச்சி. தென்காசி ஸ்டாண்டில் எந்த வாடகைக் காரும் அவரை ஏற்றக் கூடாது என்று கட்டுப்பாடே இருந்ததாகக் கேள்வி. அதனால்தான் அவர் என்னிடம் வந்து சேர்ந்தார். நான் தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக் குடிவந்த புதிது. அவர் அடுத்த தெரு. என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லை. விதி என்பது பெரும்பாலும் இவ்வளவு சாதாரணமாகத்தான் கதவைத் தட்டுகிறது.

பிழைப்புக்கு அவர் என்ன செய்தார் என்பதுதான் பெரிய வேடிக்கை. டைல்ஸ் கடை வைத்திருந்தார். வாரம் முழுக்கப் பழைய வீட்டை இடித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பளபளவென்று டைல்ஸ் விற்பார். ஞாயிறு வந்தால் இடிந்த வீடுகளைத் தேடிப்போய்க் கண்கலங்குவார். இரண்டுக்கும் நடுவில் சில சமயம் குழப்பம் வந்துவிடும்.

"அண்ணாச்சி, பழைய தரையப் பேத்தாச்சு. ஹாலுக்கு வெள்ளை டைல்ஸ் பாக்கணும்."

"முந்தி என்ன தரை கெடந்துச்சு?"

"செவப்புத் தரைதான். தாத்தா போட்டது. முகம் பாக்கலாம் அதுல."

"முகம் பாக்குற தரையப் பேத்துப் போட்டுட்டு எங்கிட்ட என்னத்துக்குவே வாரீரு? வெளிய போவும்!"

கல்லாவில் அவருடைய மச்சினன் உட்கார்ந்திருந்ததால் கடை பிழைத்தது. "அத்தான், நீங்க உள்ள போயி டீ குடிங்க" என்று அனுப்பிவிட்டு, வந்தவரைத் தாஜா பண்ணி பில் போட்டுவிடுவார். அண்ணாச்சி ஒரு நாளைக்குக் குடித்த டீயின் கணக்கை வைத்து அன்றைக்கு எத்தனை பேர் தரையைப் பெயர்த்தார்கள் என்று நாம் சொல்லிவிடலாம்.

நக்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய வியாதி ஒன்று அவரிடம் இருந்தது. எதன் வயதையும் ஒரு வருடம்கூடக் கூட்டிச் சொல்ல மாட்டார். யாராவது கூட்டிச் சொன்னால் விடவும் மாட்டார். நம் பக்கத்தில் ஆயிரம் வருடத்துக்குக் குறைந்த பழமை எதுவும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்நூறு என்று சொல்வது வீட்டுக்கு வந்தவருக்குக் கடுங்காப்பி கொடுப்பதுபோல ஒரு மரியாதைக்குறைவு. போதாக்குறைக்கு, கட்டடம் பாழடைந்துவிட்டால் அதற்குக் கீழே சுரங்கப்பாதை இருந்தே தீர வேண்டும். எல்லாச் சுரங்கமும் தென்காசிக் கோயிலுக்குத்தான் போகும். சனங்கள் சொல்லும் சுரங்கங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் தென்காசிக்குக் கீழே மண்ணே இருக்க வழியில்லை. ஊர் அந்தரத்தில்தான் நிற்கிறது.

ஒரு ஆடி மாதம், நல்ல சாரல். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற கூட்டத்தை எல்லாம் விட்டுவிட்டு, மேட்டில் மரங்களுக்குள் ஒளிந்துகிடந்த ஒரு பாழ் பங்களாவுக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே இருந்த காவல்காரர் எங்களைக் கண்டதும் உற்சாகமாகிவிட்டார்.

"சார், இங்கனருந்து தென்காசிக் கோயிலுக்கு சுரங்கம் போவுது. அந்தக் காலத்துல ராணி இதுக்குள்ளதான் குளிக்க வருவாவ."

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குத்தாலத்துக்குக் குளிக்க வாறவ எதுக்குவே மண்ணுக்குள்ள வரணும்? மேல வந்தா சாரலும் காத்தும் சும்மா கெடைக்கும்லா? வாசல் எங்க இருக்கு, காட்டும்."

காவல்காரர் பின்பக்கம் கூட்டிப்போய், செடி மூடிக் கிடந்த ஒரு கல் மூடியைக் காட்டினார். "இதான் சார். இதுவரைக்கும் இதுல எறங்குனவன் எவனும் திரும்பி வந்ததில்ல."

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். நான் வேண்டாம் என்றேன். காவல்காரரும் வேண்டாம் என்றார். மூடியைப் புரட்டிவிட்டு இடுப்பளவு இறங்கினார். திரும்பி வந்தார். ஆனால் வந்த விதத்தைப் பார்த்தபோது, இதற்கு முன் இறங்கியவர்கள் ஏன் வெளியே முகம் காட்டவில்லை என்று புரிந்தது. அது வெள்ளைக்காரன் காலத்து செப்டிக் டேங்க்.

"ராணி இதுக்குள்ள வந்திருந்தா, கண்டிப்பா குளிக்க வேண்டியதுதான்வே" என்றார் காவல்காரரிடம், நிதானமாக. அன்று ஐந்தருவியில் எங்களுக்குக் கிடைத்த மரியாதை எந்த மந்திரிக்கும் கிடைத்திருக்காது. அண்ணாச்சி நடந்து வரவர வரிசை தானாக விலகி வழிவிட்டது. என் காருக்கு மட்டும் அந்த மரியாதை வெகுநாள் நீடித்தது.

அவர் எப்போதும் சரியாகவே சொல்வார் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஒருமுறை பழைய குற்றாலம் போகிற பாதையில் தோப்புக்குள் ஒரு கல்மண்டபம் தெரிந்தது. வழக்கம்போல் ஓரங்கட்டு. வழக்கம்போல் ஒரு நக்கு. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். "அபாரமான துவர்ப்பு தம்பி. இந்தப் பக்குவத்த நான் எங்கயும் பாத்ததில்ல" என்று இன்னொரு முறையும் நக்கினார். தோப்புக்காரர் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, அத ஏன் நக்குதிய? சினிமாக்காரன் போட்ட செட்டுல்லா அது! நாளைக்குப் பிரிக்க வாரான்."

துவர்ப்பு பசையிலிருந்து வந்திருந்தது. ஒரு வாரம் மோர்சாதத்தில் கிடந்தார். அதிலிருந்து, எழுத்து இருந்தால் அதை வாசித்துப் பார்க்காமல் எந்தக் கல்லுக்கும் வயது சொல்வதில்லை என்று ஒரு வைராக்கியம் எடுத்தார். கல்லில் எழுத்து தேய்ந்திருந்தால் அதன்மேல் ஏதாவது பொடியைத் தடவ வேண்டும், பள்ளத்தில் பொடி தங்கி எழுத்து எழும்பி வரும். அதற்காக ஒரு பையில் கோலமாவும் தேங்காய் நார் பிரஷ்ஷும் எப்போதும் கூடவே வந்தன. நாக்குக்கு ஓய்வு கிடைத்ததில் எனக்கும் நிம்மதி.

உண்மைக்காக அவர் இழந்தவை கொஞ்சமல்ல. ஒரு பண்ணையார் வீட்டில் எங்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இலை போட்டாயிற்று. நாட்டுக்கோழிக் குழம்பின் வாசனை முன்னால் வந்துவிட்டது, குழம்பு பின்னால் வந்துகொண்டிருந்தது. "இந்த அரண்மனை எங்க முப்பாட்டனார் தர்பார் நடத்துன எடம்" என்றார் பண்ணையார். அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். "தர்பாருக்கு எதுக்கு இவ்வளவு ஒசரத்துல சன்னல்? இது நெல்லுக் குடோன்லா. மூட்டை ஏத்துன தடம் தெரியுது பாருங்க" என்றார். குழம்பு வந்த வழியே திரும்பிப் போயிற்று. காய்ந்த இலையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்த அந்த மத்தியானத்தை நான் இன்னமும் மன்னிக்கவில்லை.

அது எங்கள் வயிற்றோடு போயிற்று. அவருடைய சொந்தக் குலதெய்வக் கோயில் கதை அப்படியல்ல. கொடைவிழா நோட்டீசில் "ஆயிரம் ஆண்டுகள் பழமை வாய்ந்த" என்று அச்சடித்துவிட்டார்கள். அண்ணாச்சி நேராக மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். "எங்க தாத்தாவுக்கு அப்பா கட்டுன கோயில் இது. நூறு வருசம் இருந்தாப் பெருசு. சாமிக்கு முன்னால பொய் சொல்லாதீய" என்றார். பங்காளிகள் மேடையேறிவிட்டார்கள். அந்த வருடத்தோடு அவருக்குக் கோயிலில் மரியாதையும் இல்லை, சொந்தங்கள் வீட்டு விசேஷத்தில் அழைப்பும் இல்லை. "ஒரு வார்த்தை, தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லிருங்களேன்" என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். "தெரிஞ்சுதானே தம்பி சொன்னேன்?" என்றார்.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் என் மகளின் நிச்சயத்துக்குக் கூட்டிப்போக நேர்ந்தது.

மகள் மீனா சென்னையில் வேலை பார்த்தாள். பையனும் அதே ஆபீஸ், சொந்த ஊர் செங்கோட்டைப் பக்கம். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எனக்கு மறுப்பில்லை, பையனின் அப்பாவுக்கும் இல்லை. பையனின் அம்மாவுக்குத்தான் சகுனம் சரியாக இருக்க வேண்டும். முதல் தடவை நாங்கள் பேசப் புறப்பட்டபோது அவர்கள் வீட்டில் பூனை குறுக்கே போயிற்று. வரவேண்டாம் என்று போன் வந்தது. அடுத்த தடவை பல்லி தப்பான திசையில் சொல்லிவிட்டது. மூன்றாவதாக ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். "இந்தத் தடவையும் எதாவது தட்டுச்சுன்னா, இனி யாரு சொன்னாலும் இவ கேக்க மாட்டா. நானும் ஒண்ணும் செய்ய முடியாது" என்று பையனின் அப்பா போனில் சொல்லிவிட்டார். மீனா அழாமல் போனை வைத்த நாள் கிடையாது. "அப்பா, எப்படியாவது ஒழுங்கா முடிச்சுட்டு வந்துருங்கப்பா" என்பாள்.

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. தட்டு மாற்றப் பெண்ணுக்குப் பெரியப்பா முறையில் ஒரு ஆள் வேண்டும். மீனாவைச் சிறுபிள்ளையிலிருந்து தெரிந்த, வயதில் மூத்த ஒரே ஆள் அண்ணாச்சிதான். என் மனைவி பார்வதியிடம் சொன்னேன்.

"அவரா? தட்டு மாத்துறதுக்குள்ள அந்த வீட்டுச் செவுத்த நக்கிருவாரு!"

கடைசியில் நிபந்தனைகளோடு சம்மதித்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லக் கூடாது, எதற்கும் வயது சொல்லக் கூடாது, கோலமாவுப் பை வீட்டிலேயே இருக்க வேண்டும். முன் சீட்டு ஆபத்து என்று அதில் பழக்கூடைகளை வைத்துவிட்டு, அண்ணாச்சியைப் பின் சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். மடியில் நிச்சயத் தாம்பாளத்தைத் தூக்கி வைத்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ, மஞ்சள்பொடிக்கும் குங்குமத்துக்கும் இரண்டு வெள்ளிச் சிமிழ்கள், எல்லாவற்றையும் மூடி ஒரு பட்டுத்துணி.

"அசைஞ்சா தேங்கா உருண்டுரும் அண்ணாச்சி. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிடுங்க."

"சரி தாயி" என்றார். வெள்ளை வேட்டி சட்டையில், தாம்பாளத்தோடு, ஆடாமல் அசையாமல் வந்தார். வழியில் இரண்டு கல்மண்டபங்கள் வந்தன. கண்ணை இறுக மூடிக்கொண்டார். பார்வதிக்கே பாவமாகிவிட்டது.

செங்கோட்டைக்கு முன்னால் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் வண்டிகள், ஒரு பஸ் வேறு.

"நான் ஒண்ணும் சொல்லல, பாத்துக்கிடுங்க. இது ரயில்வேக்காரன் ஓரங்கட்டச் சொன்னது" என்றார் அண்ணாச்சி.

பார்வதி பூக்காரியைக் கண்டு இறங்கினாள். நான் பையனின் அப்பாவுக்குத் தாமதத்தைச் சொல்லப் போனோடு இறங்கினேன். பேசி முடித்துத் திரும்பினால் பின் சீட்டில் அண்ணாச்சி இல்லை. தாம்பாளமும் இல்லை.

ரோட்டோரம், கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, மண்ணில் பாதி புதைந்த ஒரு கல்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாம்பாளம். வலது கையால் மஞ்சளை அள்ளி அள்ளிக் கல்லில் அப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! என்ன காரியம் பண்ணுதிய?"

"சத்தம் போடாத. மண்ணுக்குள்ள எழுத்து வளைஞ்சு எறங்குது பாரு. அந்தக் காலத்து வட்டெழுத்தா இருந்தா…" என்றார். கல் ஏற்கெனவே வெளிறிப்போயிருந்ததால் மஞ்சள் எடுபடவில்லையாம். இடது கை குங்குமச் சிமிழுக்குள் போயிற்று. பிறகு மண்ணை விரலால் தோண்டி, தலையைக் கல்லோடு கல்லாகத் தாழ்த்தி உற்றுப் பார்த்தார். ரயில் தடதடவென்று போயிற்று. கேட் திறந்தது. பின்னால் வண்டிகள் அலறின. தாம்பாளத்தை மூடி, அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காரில் தள்ளினேன். கொஞ்சம் போயிருக்கும், தெரியவா போகிறது என்று நினைத்தேன். பார்வதி கேட்டதற்கு, காற்றாட நின்றார் என்று சொல்லிவைத்தேன். அண்ணாச்சி கைகளைப் பட்டுத்துணிக்கு அடியில் மறைத்துக்கொண்டு, என்ன வாசித்தார் என்றுகூடச் சொல்லாமல் வந்தார்.

போய்ச் சேர்ந்தபோது மணி பத்தாகப் போகிறது. வரவேற்பெல்லாம் நன்றாகவே நடந்தது. அண்ணாச்சி மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பையனின் அம்மா கடிகாரத்தை ஒரு கண்ணாலும் எங்களை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வதி தாம்பாளத்தை நடுவில் வைத்துப் பட்டுத்துணியை எடுத்தாள். இரண்டு சிமிழும் கழுவிக் கவிழ்த்ததுபோல் காலி.

"என்ன மதினி இது? மஞ்ச குங்குமம் இல்லாமயா நிச்சயத் தாம்பாளம்?" என்றார் பையனின் அம்மா. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. பையனின் அப்பா மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பார்வதி மெல்லத் திரும்பினாள். "அண்ணாச்சி, கைய நீட்டுங்க."

பள்ளிக்கூடத்தில் பிரம்படிக்கு நீட்டுவதுபோல நீட்டினார். வலது கை மணிக்கட்டுவரை மஞ்சள். இடது கை சிவப்பு. பார்வதியின் கண்களில் நீர் கட்டிவிட்டது. எனக்கு மீனாவின் முகம் வந்து போயிற்று. அவர் காதருகே குனிந்து, "அப்படி என்ன எழுத்து இருந்துச்சு அதுல?" என்றேன்.

"நெடுஞ்சாலைக்காரன் எல்லைக்கல்லு தம்பி" என்றார்.

அந்த நேரத்தில்தான் பையனின் தாய்மாமா வாசலில் செருப்பைக்கூடக் கழற்ற மறந்து உள்ளே ஓடிவந்தார். நெற்றி நிறையக் குங்குமம்.

"எக்கா! சேதி தெரியுமா? ரயில்வே கேட்டுப்பக்கம் அம்மன் வெளிப்பட்டிருக்கா! கேட்டு மூடிக்கெடந்தப்ப, வெள்ளை வேட்டி கட்டுன ஒரு பெரியவரு தாம்பாளத்தோட எறங்கிப் போயி, மஞ்ச குங்குமம் சாத்தி, தலையத் தரையில வச்சுக் கும்பிட்டாராம். பஸ்ஸுல இருந்தவ்வோ பூராவும் எறங்கிட்டாவ. எலுமிச்சம்பழ மாலையே போட்டாச்சு. நான் கும்பிட்டுட்டுத்தான் வாரேன்…"

பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் நீட்டியபடி நின்ற இரண்டு கைகளைப் பார்த்தார். மஞ்சளையும் பார்த்தார், சிவப்பையும் பார்த்தார். அப்படியே கும்பிட்டுவிட்டார்.

பையனின் அம்மா எழுந்து நின்றார். அவர் சகுனத்தை நம்புகிறவர்தான், ஆனால் ஏமாளி இல்லை. நேராக அண்ணாச்சியிடம் வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்களப் பத்தி எங்க வீட்டுக்காரவுக எல்லாத்தையும் சொல்லிருக்காவ. சொந்தக் கோயிலுக்கே வருசத்தக் கூட்டிச் சொல்ல மாட்டேன்னு பங்காளிய மொகத்துல முழிக்காத ஆளாமே நீங்க. அதனால கேக்கேன். நீங்க சொன்னா நம்புதேன். நெசம்மா அது சாமிக் கல்லுதானா? பழைய கல்லா?"

பார்வதி கண்ணை மூடிக்கொண்டாள். நான் முடிந்தது என்றே முடிவுகட்டிவிட்டேன். கோழிக்குழம்பு கொதித்து வரும்போது குடோன் என்று சொன்ன மனிதர். பங்காளிகள் கைநீட்டி அடிக்க வந்தபோதும் நூறு என்றதை நூற்றொன்று ஆக்காத மனிதர். ஒரு வார்த்தையில் உண்மையைச் சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல அந்த வீட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கப் போகிறார்.

அண்ணாச்சி பார்வதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பழசுதான் தங்கச்சி" என்றார். "ஆயிரம் வருசத்துக் கல்லு."

தாய்மாமாவுக்கு ஆவல் அடங்கவில்லை. "அப்ப கீழ சுரங்கமும் இருக்கும், என்ன அண்ணாச்சி?"

செப்டிக் டேங்கில் இடுப்பளவு நின்றபோதுகூட அவர் முகம் அப்படிக் கோணியதில்லை. "இருக்கு" என்றார்.

"நம்ம தாம்பாளத்து மஞ்சளத்தான் ஆத்தா கேட்டு வாங்கியிருக்கா! இதுக்குமேல என்ன சகுனம் வேணும் மதினி?" என்று பையனின் அம்மா பார்வதியைக் கட்டிக்கொண்டார். அண்ணாச்சியின் உள்ளங்கையிலிருந்தே மஞ்சளையும் குங்குமத்தையும் வழித்துத் தாம்பாளத்தில் வைத்தார். பத்தரைக்கு முன்னால் தட்டு மாறியது. பெரியப்பா முறையில் தட்டைக் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அண்ணாச்சி கை கழுவப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது கேட்டருகே கூட்டம் ரோட்டை அடைத்துவிட்டது. பார்வதி, விவரம் எல்லாம் தெரிந்தும், இறங்கிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள். அண்ணாச்சி இறங்கவில்லை.

அதன்பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. தகரக்கூரை வந்தது. உண்டியல் வந்தது. "ஆயிரம் ஆண்டுகள் பழமை வாய்ந்த" என்று போர்டு வந்தது. வாட்ஸ்அப்பில் சுரங்கத்தின் வரைபடமே உலவியது. கல்லைக் கண்டுபிடித்தவர் என்று கொடைவிழாவுக்கு அண்ணாச்சியைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். பழைய பங்காளிகளில் ஒருவர் கடைக்கே வந்து, "எங்க கோயிலுக்கு நூறு, எவம் கோயிலுக்கோ ஆயிரமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அண்ணாச்சி உள்ளே போய் டீ குடித்தாராம், மச்சினன் சொன்னார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறோம். இப்போதும் பாதி வழியில் அலறுகிறார், நக்குகிறார். ஆனால் செங்கோட்டைக்குப் போக வேண்டுமென்றால் மட்டும் நேர்வழியில் விடமாட்டார். குற்றாலம் சுற்றித்தான் போக வேண்டும். அந்தக் கல்லைக் கண்ணால் பார்க்க அவரால் முடியவில்லை. போன மாதம் அப்படிச் சுற்றிப் போகும்போது மனசு கேட்காமல் சொன்னேன்.

"அண்ணாச்சி, கல்யாணம் முடிஞ்சு பிள்ளையும் சந்தோசமாத்தான் இருக்கா. இனிமே உண்மையச் சொன்னா என்ன ஆயிரப் போவுது? சொல்லிட்டு நிம்மதியா இருங்களேன்."

"நல்லாச் சொன்ன போ" என்றார் கோபமாக. "மாமியாக்காரி வெள்ளிக்கெழம தவறாம அங்கன வெளக்குப் போடுதா. நாளைக்கு வீட்டுல ஒரு சின்னச் சடவு வந்துச்சுன்னு வையி, அந்த ரோட்டுக்கல்லுதானேன்னு பிள்ளையச் சொல்லிக் காட்டுவா. சவத்த விடு. அது ஆயிரம் வருசமாவே இருந்துட்டுப் போவட்டும்."

சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நல்ல சாரல் விழுந்துகொண்டிருந்தது.

என் மகள் கல்யாணத்துக்கு எத்தனையோ பேர் என்னென்னவோ கொடுத்தார்கள். தன்னிடம் இருந்த ஒரே பிடிவாதத்தைக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.